உமரிச் செடியைத் தொட்டியில் வளர்த்தல்: நன்னீர் ஊற்றுவதா, உப்புநீர் ஊற்றுவதா?

தொட்டித்தோட்டம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடலோரச் சேற்று நிலங்களிலும் கழிமுகங்களிலும் தானாக முளைத்துப் பரவும் உமரிச் செடியை மொட்டைமாடியில் தொட்டி வைத்து வளர்க்க முயல்கிறேன். இலை என்று சொல்ல எதுவுமின்றி, பச்சை மணிகளைக் கோத்தது போலக் கணுக்கணுவாக நிமிர்ந்து நிற்கும் வகை அது. நண்பர் ஒருவர் முற்றிக் காய்ந்த கதிர்கள் சிலவற்றையும், ஓரளவு வளர்ந்த செடி ஒன்றையும் கொடுத்திருக்கிறார்.

செடியைத் தோட்டத்துக் களிமண்ணும் மக்கிய உரமும் சமபங்காகக் கலந்த தொட்டியில் நட்டு, மற்றச் செடிகளுக்கு ஊற்றும் நன்னீரையே அதற்கும் ஊற்றி வருகிறேன். செடி சாகவில்லை, ஆனால் புதிதாக விட்ட கணுக்கள் எல்லாம் மெலிந்தும் நீண்டும் இருக்கின்றன. பழைய தண்டைக் கிள்ளினால் சடக்கென்று ஒடிந்து சாறு கசிகிறது. புதிய தண்டோ வளைகிறதே தவிர ஒடிவதில்லை. அடிக்கணுக்கள் மஞ்சளாகவும் தொடங்கிவிட்டன.

இதுபற்றி நான் விசாரித்த இடங்களில் ஒன்றுக்கொன்று முரணான விடைகளே கிடைத்தன. "உமரி உப்பைத் தாங்கிக்கொள்ளும் செடியே தவிர உப்பைக் கேட்கும் செடியன்று, நன்னீரே அதற்குப் போதும்" என்கிறார் ஒருவர். "கடல்நீரை அப்படியே ஊற்றுங்கள், விதைக்கும் அதையே தெளியுங்கள்" என்கிறார் இன்னொருவர். இரண்டாமவர் சொன்னபடி ஒரு தட்டில் மணல் பரப்பி, விதை தூவி, கடல்நீர் தெளித்து வருகிறேன். இதுவரை ஒரு விதைகூட அசையவில்லை. செடிக்கு உப்பு தேவையா, தேவையென்றால் எவ்வளவு, எந்தப் பருவத்தில் தொடங்க வேண்டும், மண் கலவையை மாற்ற வேண்டுமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கழிமுகம்

வணக்கம் நண்பரே. உங்களிடம் இருப்பது எந்தச் செடி என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் உமரி என்ற ஒரே பெயரால் வெவ்வேறு இனங்களைச் சேர்ந்த செடிகள் அழைக்கப்படுகின்றன. உருண்டு தடித்த சிறு இலைகள் தண்டெங்கும் தெளிவாகத் தெரிந்தால் அது சுவேடா இனம். இலைகள் செதில்களாகச் சுருங்கித் தண்டோடு ஒட்டிப்போய், வெறும் கணுக்கள் மட்டுமே தெரிந்தால் அது சாலிகோர்னியாவாகவோ அதன் நெருங்கிய உறவான சார்கோகோர்னியாவாகவோ இருக்கும். இந்த இரண்டையும் பூக்கும் காலத்தில்தான் உறுதியாகப் பிரித்தறிய முடியும். கணுவின் இரு பக்கமும் மும்மூன்று பூக்கள் இருக்கும். இதழ் கிடையாது, சதைக்குள் புதைந்த குழியிலிருந்து மஞ்சள் மகரந்தப்பை மட்டும் எட்டிப் பார்க்கும். நடுப்பூ மேலே ஏறி மூன்றும் முக்கோணமாக அமைந்திருந்தால் சாலிகோர்னியா. மூன்றும் ஒரே வரிசையில் இருந்தால் சார்கோகோர்னியா. சாதாரண உருப்பெருக்கி ஒன்று போதும், இதைப் பார்த்துவிடலாம்.

இந்த வேறுபாட்டை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாலிகோர்னியா ஓராண்டுச் செடி. முளைத்து, வளர்ந்து, விதைத்து, காய்ந்துவிடும். அதை ஆண்டுக்கணக்கில் காப்பாற்ற எந்த நீராலும் முடியாது. சார்கோகோர்னியாவோ அடித்தண்டு கட்டையாகிப் பல ஆண்டுகள் வாழும். தண்டை நறுக்கி ஈரமணலில் ஊன்றினால் வேரும் விடும். உங்கள் நண்பர் காய்ந்த கதிர்களைக் கொடுத்திருப்பதாலும், நீங்கள் தரும் வருணனையாலும், உங்களுடையது சாலிகோர்னியா என்றே கொண்டு மேலே எழுதுகிறேன்.

விதை முளைக்காததற்கு விளக்கம் எளிது. உப்பில் வாழும் செடியின் விதை உப்பில் முளைத்தாக வேண்டும் என்பதில்லை. கரைசலில் உப்பு மிகுந்தால் அது நீரைத் தன்பக்கமே பிடித்துவைத்துக்கொள்கிறது. விதையால் போதிய நீரை உறிஞ்ச முடிவதில்லை, ஆகவே உறக்கத்திலேயே இருந்துவிடுகிறது. இயற்கையிலும் இதுதான் நடக்கிறது. சதுப்பின் மேல்மண்ணில் கிடக்கும் விதைகள், மழை வந்தோ ஆற்றுவெள்ளம் பரவியோ மேற்பரப்பின் உப்பு கழுவப்படும் வரை காத்திருந்து, அந்தக் குறுகிய இடைவெளியில் முளைத்துவிடுகின்றன; மழை ஓய்ந்து நிலத்தில் உப்பு மீண்டும் ஏறுவதற்குள் வேர் கீழே இறங்கியிருக்கும். முளைக்கும் பருவத்தில்தான் இந்தச் செடி உப்புக்கு மிகவும் அஞ்சுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஆகவே உங்கள் தட்டில் உள்ள விதைகளை எறிந்துவிடாதீர்கள். உப்பால் தடைப்பட்ட உமரி விதைகளில் கணிசமானவை உயிரோடுதான் இருக்கும். நன்னீர் கிடைத்தவுடன் முளைக்கும் திறன் அவற்றுக்கு உண்டு. மணலோடு சேர்த்து அள்ளி, மெல்லிய துணியில் கட்டி, நன்னீரில் பலமுறை அலசிவிட்டு, புது மணலின்மேல் பரப்புங்கள். விதையை மண்ணுக்குள் புதைக்க வேண்டாம். ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டிய விதை அது. மேலே தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்திவிட்டால் போதும், வெளிச்சம் படுவதும் முளைப்புக்குத் துணைசெய்யும். மேலிருந்து ஊற்றாமல் தட்டின் அடியில் நீர் நிறுத்தி ஈரம் ஏறச் செய்யுங்கள், இல்லாவிட்டால் விதைகள் ஒரு மூலைக்கு மிதந்துபோய்ச் சேர்ந்துவிடும். குளிர்நாட்டு வகைகளின் விதையாக இருந்தால், ஈரமணலோடு சேர்த்துச் சில வாரங்கள் குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுப்பது உறக்கம் கலைய உதவும். வெப்பநாட்டு வகைகளுக்கு இது வேண்டியதில்லை.

ஒரே நேரத்தில் எல்லாம் முளைக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். முப்பூக்களில் நடுப்பூவின் விதை பெரியது, ஓரப்பூக்களின் விதை சிறியது. பெரியவை முந்திக்கொண்டு முளைக்கும்; சிறியவற்றின் உறக்கம் ஆழமானது, பிந்தியே வரும். முதல் முளைப்பை மழையோ வெயிலோ அழித்துவிட்டாலும் மிச்சம் இருக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு இது. முளைத்தவை ஊசிமுனைப் பருமனில் சதைப்பற்றான இரு வித்திலைகளோடு தெரியும். அவற்றின் நடுவிலிருந்து முதல் கணு எழும்வரை நன்னீரே கொடுங்கள்.

நீரளவன்

முந்தைய மறுமொழி விதையைப் பற்றி நிறைவாகச் சொல்லிவிட்டது. நான் வளர்ந்த செடியைப் பற்றியும் உப்பின் அளவைப் பற்றியும் எழுதுகிறேன், ஏனெனில் தொட்டியில் உமரி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இடறுவது அங்கேதான்.

உங்கள் செடியின் மெலிவுக்கு உப்புக் குறைவே முதற்காரணம் என்று கருதுகிறேன். சாலிகோர்னியா சோடியத்தை வெளியே தள்ளிவிடும் செடியன்று. சில அலையாத்தி மரங்களைப் போல இலையில் உப்புச் சுரப்பிகளும் அதற்குக் கிடையாது. வேர் வழியே வரும் சோடியத்தையும் குளோரைடையும் தண்டின் உயிரணுக்களில் உள்ள நுண்குமிழிக்குள் அடைத்துப் பூட்டிவிடுகிறது. அந்த உப்பு நீரை இழுக்க, உயிரணு புடைத்துப் பருக்க, தண்டு சதைப்பற்றோடு விறைத்து நிற்கிறது. குமிழிக்கு வெளியே உள்ள உயிர்ச்சாறு உப்பால் கெடாமலிருக்கவும், அங்கிருந்து நீர் குமிழிக்குள் ஓடிவிடாமலிருக்கவும், கிளைசின் பீட்டைன் போன்ற கேடற்ற கரிமப் பொருள்களைச் செடி அங்கே நிரப்பிக்கொள்கிறது. காய்ந்த உமரித் தண்டை எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு சாம்பலாகவே எஞ்சும் என்பதிலிருந்து எவ்வளவு உப்பைச் சேர்த்துவைக்கிறது என்று ஊகித்துக்கொள்ளலாம். சோடாச் சாம்பலைத் தொழிற்சாலையில் செய்யும் முறை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரும்வரை, கண்ணாடியும் சோப்பும் செய்வோர் இத்தகைய உவர்நிலச் செடிகளை எரித்தே சோடா எடுத்தார்கள் என்பதும் இதனால்தான். நன்னீர் மட்டுமே ஊற்றும்போது புடைப்பதற்கு வேண்டிய உப்பு கிடைப்பதில்லை. தண்டு வளைகிறதே தவிர ஒடிவதில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது அதற்கு நேர்ப்பொருத்தமான அறிகுறி.

அதற்காகக் கடல்நீரை அப்படியே ஊற்றுவதும் சரியன்று. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. சாலிகோர்னியா அதிலும் பிழைத்திருக்கும். ஆனால் மிகச் செழிப்பாக வளர்வது அதில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரையிலான உவர்ப்பில்தான். ஒரு பங்கு கடல்நீரோடு இரண்டு பங்கு நன்னீர் கலந்தால் லிட்டருக்குப் 12 கிராமை ஒட்டி வரும். நல்ல தொடக்கம் அதுவே. இந்த அளவுக்கு ஒரேயடியாகத் தாவக்கூடாது. நாற்று இரண்டு மூன்று கணு விட்டபின் லிட்டருக்கு 2 அல்லது 3 கிராமில் தொடங்கி, சில நாள் இடைவெளி விட்டு 5, பிறகு 8, பிறகு 12 என்று ஏற்றுங்கள். இதுவரை நன்னீரிலேயே இருந்த உங்கள் பெரிய செடிக்கும் இதே படிக்கட்டுதான்; வயது முதிர்ந்ததாயிற்றே என்று முதல் நாளே முழு அளவைக் கொடுத்தால் தண்டு துவண்டுவிடும்.

கடல்நீர் கிடைக்காதவர்கள் கடல் உப்பான கல்லுப்பை எடைபோட்டுக் கரைத்துக்கொள்ளலாம். சுத்திகரித்த தூள் உப்பு கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. கடல்நீரில் இயல்பாக உள்ள மக்னீசியமும் கால்சியமும் சல்பேட்டும் அதில் இல்லை. தூள் உப்புதான் இருக்கிறது என்றால், ஒவ்வொரு 10 லிட்டருக்கும் ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பை (மக்னீசியம் சல்பேட்) சேர்த்துக் கரைத்து, தொட்டி மண்ணில் சிறிது ஜிப்சமும் (கால்சியம் சல்பேட்) கலந்துவிடுங்கள்.

இனித்தான் முக்கியமான செய்தி. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது நீர் மட்டுமே; உப்பு உள்ளேயே தங்கிவிடும். நீங்கள் ஊற்றும் நீரில் மூன்றிலொரு பங்கு அடித்துளை வழியே வடிகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளடைவில் வடிநீரின் உவர்ப்பு ஊற்றும் நீரைப்போல மும்மடங்காகிவிடும். லிட்டருக்கு 12 கிராம் ஊற்றினால் வேரடியில் 36 கிராம், அதாவது முழுக் கடல்நீர். துளையே இல்லாத தொட்டியிலோ, துளி மட்டும் வடியும் அளவுக்குச் சிக்கனமாக நீர் ஊற்றும்போதோ, அதற்கும் மேலே ஏறிக்கொண்டே போகும். உமரிக்கு எவ்வளவு உப்பும் ஒத்துவரும் என்று எண்ணி ஊற்றி வந்தவர்களின் செடிகள் திடீரென்று கருகுவதற்கு இந்தக் கணக்கே காரணம். வழி எளிது: உவர்நீர் ஊற்றும் நாளில் பாதியளவாவது வடியும்படி தாராளமாக ஊற்றுங்கள், இடைப்பட்ட நாள்களில் ஆவியான நீரை நன்னீரால் மட்டும் ஈடுசெய்யுங்கள்.

இதோடு உங்கள் மண் கலவையும் மாறியாக வேண்டும். களிமண்ணில் சோடியம் ஏறியபின் நன்னீர் விழுந்தால், மண்ணின் நுண்துகள்கள் பிரிந்து, வீங்கி, துளைகளை அடைத்துக்கொள்ளும். மேலே நீர் குளம்போல நிற்க, வேர் மூச்சுத்திணறும். உவர்நீரையும் நன்னீரையும் மாற்றி மாற்றி ஊற்றவேண்டிய ஒரு செடிக்குக் களிமண் ஆகவே ஆகாது. பருமணல் மூன்று பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு என்ற கலவையில் மாற்றி நடுங்கள். தென்னைநார்க் கழிவைக் கழுவித்தான் போட வேண்டும் என்று மற்றச் செடிகளுக்குச் சொல்வார்கள். இங்கே அந்த வேலை மிச்சம்.

மாடிப்பயிர்

மேலே உள்ள இருவர் கருத்தோடும் ஒரு சிறு வேறுபாடு எனக்கு உண்டு. உவர்நிலத் தாவரங்களில் பெரும்பாலானவை உப்பைத் தேடிப் போனவை அல்ல, துரத்தப்பட்டவை. நல்ல மண்ணில் புல்லும் களையும் வேகமாக வளர்ந்து நிழல் போட்டு அவற்றை அழுத்திவிடுகின்றன. அந்தப் போட்டியாளர்கள் பிழைக்க முடியாத உவர்மண்ணில்தான் அவற்றுக்கு இடம் கிடைக்கிறது. தொட்டியில் நாம் களையைப் பிடுங்கிவிடுகிறோம் என்னும்போது, உப்பு எதற்கு? நன்னீரில் வளர்ந்த செடியின் தண்டில் உப்புக் குறைவாக இருக்கும், சமையலுக்கு எடுப்பவர்களுக்கு அது வசதியும்கூட. என் தொட்டிகளில் உமரி நன்னீரிலேயே பூத்து விதைத்திருக்கிறது. உப்பு கரைப்பது, அளப்பது, வடிநீரைச் சுமப்பது என்று இத்தனை பாடுபட வேண்டுமா என்பதைக் கேள்வி கேட்டவர் யோசித்துக்கொள்ளட்டும்.

நீரளவன்

மாடிப்பயிர் அவர்கள் சொல்லும் போட்டி பற்றிய விளக்கம் பொதுவாகச் சரியானதே. உப்பைத் தாங்கும் தாவரங்களில் பல நன்னீரிலும் நன்றாகவே வளரும், உவர்ப்பு ஏற ஏற வளர்ச்சி குறையும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் சாலிகோர்னியாவும் சுவேடாவும் அந்தக் கூட்டத்தில் சேராதவை. நன்னீரிலிருந்து மிதமான உவர்ப்புக்குப் போகும்போது அவற்றின் வளர்ச்சி கூடி, ஓர் உச்சத்தை அடைந்து, அதன்பிறகே இறங்குகிறது. நன்னீரில் பூத்து விதைப்பது உண்மைதான். பிழைத்திருப்பது வேறு, செழித்திருப்பது வேறு. உப்புக் குறைவான தண்டு வேண்டும் என்பவர்கள் உவர்ப்பை லிட்டருக்கு 5 கிராம் அளவில் நிறுத்திக்கொள்ளலாம். அதில் தண்டு ஓரளவு திரண்டும் இருக்கும், வாயில் வைத்தால் அவ்வளவாகக் கரிக்கவும் செய்யாது.

அளப்பதைப் பற்றி ஒரு குறிப்பு. குடிநீரைச் சோதிக்கும் டி.டி.எஸ். மீட்டர்களில் பலவற்றுக்கு மேல் எல்லை லிட்டருக்கு 10 கிராமை ஒட்டியே இருக்கும். அதற்கு மேற்பட்ட உவர்ப்பை அவை காட்டா. வடிநீரில் ஒரு பங்கு எடுத்து, ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீரோ மழைநீரோ சேர்த்துக் கலக்கி அளந்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். மின்கடத்துதிறன் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு: லிட்டருக்கு 10 கிராம் உப்பு கரைந்த நீர் 17 dS/m (டெசிசீமன்ஸ்) அளவை ஒட்டிக் காட்டும், கடல்நீர் 50க்கு மேல் போகும். ஊற்றும் நீரை அளப்பதைவிட வடியும் நீரை அளப்பதே பயனுள்ளது. வடிநீர் 40 கிராமைத் தாண்டினால் அன்றைக்கு நன்னீர் ஊற்றி ஒருமுறை முழுதாக அலசிவிடுங்கள்.

தொட்டித்தோட்டம்

அனைவருக்கும் மிக்க நன்றி. விதைகளை அலசிப் பரப்பியபின் நாற்றுகள் வரத் தொடங்கிவிட்டன. நீங்கள் சொன்னபடியே முன்னும் பின்னுமாகத்தான் வருகின்றன. பெரிய செடியை மணல் கலவைக்கு மாற்றி உவர்நீரைப் படிப்படியாக ஏற்றியதில் புதுக் கணுக்கள் பருமனாக வருகின்றன. இப்போது வேறு சில ஐயங்கள். மண்பரப்பில் வெள்ளையாகப் பொருக்குப் படிகிறது. மண்தொட்டியின் வெளிச்சுவரிலும் அதேபோலப் பூத்து, சுவர் செதில்செதிலாக உதிர்கிறது. சில கிளைகளின் நுனி சிவக்கிறது, வேறு சிலவற்றின் நுனி வெளிறியிருக்கிறது, இவை நோயா? உரம் எவ்வளவு கொடுப்பது? வடிநீரை என்ன செய்வது?

கழிமுகம்

நல்ல செய்தி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சுட்ட மண்தொட்டி உவர்நீருக்கு ஏற்றதன்று. ஈரம் சுவரின் நுண்துளைகள் வழியே வெளியேறி ஆவியாகும்போது உப்பு அந்தத் துளைகளுக்குள்ளேயே படிகமாகி, பருத்து, மண்ணைப் பிளக்கிறது. பழைய கடலோரக் கட்டடங்களின் செங்கல் சுவர் உதிர்வதும் இதே வினையால்தான். பிளாஸ்டிக் தொட்டிக்கோ மெருகு பூசிய பீங்கான் தொட்டிக்கோ மாற்றிவிடுங்கள். தகரமும் இரும்பும் துருப்பிடித்துவிடும். மண்பரப்புப் பொருக்கைக் காய்ந்திருக்கும்போதே கரண்டியால் சுரண்டி அப்புறப்படுத்துங்கள். அதன்மேல் சிறிதளவு நீர் தெளித்தால் அத்தனை உப்பும் கரைந்து மேல்வேர்களுக்கு ஒரே நேரத்தில் இறங்கும். பெருமழை நல்லது, தூறல்தான் கெடுதல்.

சிவப்பைப் பற்றி அஞ்ச வேண்டாம். பீட்ரூட்டுக்குச் சிவப்புத் தரும் பீட்டாலைன் வகை நிறமிதான் இங்கும் சிவப்பாகத் தெரிகிறது. உவர்ப்போ வெயிலோ வறட்சியோ கடுமையானால் நுனிகள் சிவக்கும். வடிநீரை அளந்து பாருங்கள், மிகையாக இருந்தால் அலசுங்கள். விதை முற்றும் பருவத்தில் செடி முழுவதும் அடியிலிருந்து நுனிவரை சிவந்து, பின்பு பழுப்பாகி உலரும். அது நோயன்று, ஓராண்டுச் செடியின் இயல்பான முடிவு. அந்த நேரத்தில் செடியைக் காப்பாற்றுவதாக எண்ணி நீரையும் உரத்தையும் கூட்டினால் கதிரில் பூஞ்சணம் பிடித்து விதைதான் வீணாகும்.

வெளிறிய நுனி வேறு. புதுக்கணு மட்டும் வெளிறி, பழைய கணு பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. நீரின் காரத்தன்மை மிகும்போது இது வரும். நுண்ணூட்டக் கலவையில் உள்ள இரும்புச் செலேட்டைச் சிறிதளவு கரைத்து ஊற்றினால் தேறிவிடும். முதலில் எழுதியிருந்தீர்களே, அடிக்கணு மஞ்சளாவது, அது தழைச்சத்துக் குறைவின் அடையாளம். உவர்நிலச் சதுப்புகளில் செடிவளர்ச்சியை முதலில் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் தழைச்சத்துப் பற்றாக்குறையே. நீங்களோ இப்போது ஏறக்குறைய வெறும் மணலில் வளர்க்கிறீர்கள். லிட்டருக்கு 1 கிராமுக்கு மேற்படாமல் யூரியாவை நன்னீரில் கரைத்து இரு வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். உவர்நீரில் மீன் அல்லது இறால் வளர்ப்பவர்களிடம் கிடைக்கும் கழிவுநீர் இதைவிடச் சிறந்தது. உப்பும் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஒன்றாகவே வந்துவிடும். அத்தகைய பண்ணைகளின் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தவே சாலிகோர்னியாவை வளர்க்கும் முறையும் இருக்கிறது.

வடிநீர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அதை மற்றத் தொட்டிகளிலோ மரத்தடியிலோ கிணற்றுக்கு அருகிலோ ஊற்றாதீர்கள். ஒரு முறை உவர் ஏறிய மண்ணை மீட்பது எளிதன்று. தொட்டியின்கீழ் ஆழமான தட்டு வைத்து வடிநீரைப் பிடித்து, அளந்து, நன்னீர் கலந்து மீண்டும் அதே செடிகளுக்கு ஊற்றிவிடலாம். அப்படிச் செய்தால் உப்பு வாங்கிக் கரைக்கும் வேலையும் வெகுவாகக் குறையும்.

விதைக்கூடை

இதுவரை யாரும் அறுவடையைப் பற்றியும் அடுத்த பருவத்துக்கு விதை எடுப்பதைப் பற்றியும் எழுதாததால் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

செடி ஒரு சாண் உயரம் வந்தவுடன் நுனியில் விரல் நீளத்துக்குக் கிள்ளிவிடுங்கள். கீழ்க்கணுக்களிலிருந்து எதிரெதிராகக் கிளைகள் புறப்பட்டுச் செடி அடர்ந்து வரும். தண்டைப் பறித்துச் சமைக்க எண்ணுபவர்கள் பூப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். அதற்குப்பின் தண்டின் நடுவே நார் போன்ற கட்டை உருவாகி, மெல்லும்போது சதை உரிந்து வந்து நார் மட்டும் பல்லில் நிற்கும். பகல் நேரம் குறுகத் தொடங்கும்போது செடி பூக்க முற்படும். எனவே பகல் நீளும் பருவத்தில் விதைத்தால் இளந்தண்டு கிடைக்கும் காலமும் நீளும்.

உணவாகக் கொள்வதில் இரண்டு எச்சரிக்கைகள். கடல்நீரில் வளர்ந்த பச்சைத் தண்டு 100 கிராமில் 1 கிராம் அளவுக்கோ அதற்கு மேலோ சோடியம் இருக்கக்கூடும். வளர்ந்தவர் ஒரு நாளில் கொள்ளும் சோடியம் மொத்தமாகவே 2 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மற்றவர்கள் கொதிநீரில் போட்டெடுத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் உப்பு ஓரளவு குறையும். இன்னொன்று, உவர்நிலத்தில் கலந்துள்ள காட்மியம் போன்ற கன உலோகங்களையும் இந்தச் செடி உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும். தொழிற்சாலைக் கழிவோ சாக்கடையோ கலக்கும் இடங்களில் விளைந்ததைப் பறித்து உண்ணாதீர்கள். அங்கிருந்து விதை எடுப்பதில் தடையில்லை.

சதுப்பிலிருந்து விதை எடுக்கும்போது ஒரே இடத்தை மொட்டையடித்துவிட வேண்டாம். ஓராண்டுச் செடி என்பதால் அடுத்த ஆண்டின் கூட்டம் பெரும்பாலும் இந்த ஆண்டு உதிரும் விதையைத்தான் நம்பியிருக்கிறது. பத்துச் செடிக்கு ஒரு கதிர் என்று பல இடங்களிலிருந்து எடுத்தால் நிலத்துக்கும் பாதிப்பில்லை, உங்கள் செடிகளிலும் வகை பெருகும். பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருந்தால் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கலாகாது. அதேபோல, ஒரு நிலப்பகுதிக்கு உரியதல்லாத வகையின் விதையைத் தருவித்து வளர்ப்பவர்கள், வடிகால் வழியாக அது வெளியேறி அயலிடச் சதுப்பில் வேரூன்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விதை மிதக்கும் என்பதை மறக்கலாகாது.

விதைக்கதிர் பழுப்பாகி, விரலால் தேய்த்தால் பொடியாகும் நிலைக்கு வந்ததும் வெட்டி, காகிதப் பையில் போட்டு நிழலில் உலர்த்துங்கள். நன்கு காய்ந்தபின் உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்துப் புடைத்தால் விதை பிரியும். சல்லடையில் சலித்தால் பெரியதும் சிறியதும் ஓரளவு தனித்தனியாக வரும். இரண்டையும் தனிப் பொட்டலங்களில் கட்டி, நாளெழுதி, ஈரம் புகாத புட்டியில் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். கதிரின் சக்கையில் உப்பு மிகுதியாக இருக்கும், அது காற்றின் ஈரத்தை இழுத்து விதையைக் கெடுத்துவிடும். ஆகவே சக்கையோடு சேர்த்துச் சேமிக்காதீர்கள். விதைப்பதற்கு முதல் நாள், விதையை ஒரு கிண்ணம் நன்னீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நீரை மாற்றிவிட்டால் மேலே ஒட்டியிருக்கும் மிச்ச உப்பும் போய்விடும்.